ஒவ்வாமை மருத்துவம் படிக்க என்ன வழி?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்தபின் ஒவ்வாமை, நோய் எதிர்ப்பியல் துறையில் சேர முடியுமா? வேலைவாய்ப்பு எப்படி?

பதில்: அமெரிக்காவில் இவை இரண்டும் சேர்ந்து ஒரே சிறப்புத்துறை. பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவத்தில் 3 ஆண்டுப் பயிற்சி, அதன்பின் 2 ஆண்டு ஃபெலோஷிப். இந்தியாவில் பாதை இவ்வளவு நேரானதல்ல. அதே பிரிவுகளில் 3 ஆண்டு எம்.டி. முடித்து, மேலும் 3 ஆண்டு நோய் எதிர்ப்பியல் டி.எம். படிக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் இந்த டி.எம். உண்டு, சண்டிகர் பி.ஜி.ஐ.யில் குழந்தைகளுக்கான பிரிவு இருக்கிறது. இரண்டுக்கும் ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். நுழைவுத்தேர்வு.

பெயரில் நோய் எதிர்ப்பியல் இருந்தாலும், இங்கே பாடத்தில் பெரும்பங்கு முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும்தான். ஆஸ்துமா, மூக்கடைப்பு, தோல் தடிப்பு எல்லாம் நுரையீரல், காது-மூக்கு-தொண்டை, தோல் மருத்துவர்களிடம் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வாமை மட்டுமே இலக்கு என்றால், அத்துறைகளில் ஒன்றில் எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்துக் குறுகிய காலப் பயிற்சி பெறுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வேலை பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவில். முன்கையில் மகரந்தம், தூசிப்பூச்சிச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து, நுண்ணூசியால் லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். வெறும் கரைசல் இட்ட இடத்தைவிட 3 மி.மீ. பெரிதாக இருந்தால் ஒவ்வாமைக்கான சாத்தியம். நோயாளி முந்தின நாள் சளி மாத்திரை போட்டிருந்தால் முடிவு ஏமாற்றிவிடும்! அதிர்ச்சி நிலை வந்தால் சமாளிக்க அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வாமைக்கான தடுப்பு ஊசிச் சிகிச்சை 3 முதல் 5 ஆண்டு நீள்வதால், நோயாளிகள் தொடர்ந்து வருவார்கள். தனியாகக் கிளினிக் நடத்துபவருக்கு அதுவே நிலையான வருமானம்.