சட்டைக்காரர் என்று யார் பெயர் வைத்தது?

கேள்வி: என் தங்கை ஜப்பானியர் ஒருவரை மணந்து ஒசாகாவில் இருக்கிறாள். அவள் மகளை அங்கே 'ஹாஃபு' என்கிறார்களாம். குன்னூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பாட்டி 'சட்டைக்காரங்க' என்பார். இந்தப் பெயர்களெல்லாம் எப்படி வந்தன? குழந்தை ஊருக்கு வரும்போது அவளை எப்படி அறிமுகப்படுத்துவது?
- வாசகர், மசினகுடி

பதில்: சட்டை போடும் வழக்கம் பரவாத காலத்தில், கோட்டும் சட்டையுமாக நடந்தவர்களைப் பார்த்து நம் ஆட்கள் சொன்ன பெயர் 'சட்டைக்காரர்'. வெள்ளைக்காரர், அவர் வழி வந்த கலப்புக் குடும்பத்தார் இருவரையுமே குறித்தது. போகப்போகப் பின்னவர்களிடமே தங்கிவிட்டது. பாட்டி அதை வசவாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அது வெளியே நின்று பார்த்தவர் வைத்த பெயர்தான்.

ஆங்கிலேயர் வைத்த பெயர்கள் இன்னும் கொடியவை. 'ஹாஃப் காஸ்ட்' என்றார்கள். ஜப்பானின் 'ஹாஃபு'வும் அதே ஆங்கில 'ஹாஃப்'தான். அங்கே முன்பு 'அயினோகோ' என்ற இழிசொல் இருந்தது. போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகளைக் 'கொங்கெத்சுஜி', அதாவது கலப்பு ரத்தப் பிள்ளை என்றார்கள். 'ஹாஃபு' பரவியது 1970-களில். பாதி என்பது பிடிக்காத பெற்றோர் சிலர் 'தபுரு', இரட்டை, என்கிறார்கள். 2015-இல் மிஸ் யுனிவர்ஸ் ஜப்பானாகத் தேர்வான அரியானா மியாமோதோவின் தந்தை ஆப்பிரிக்க அமெரிக்கர். அரியானா முழு ஜப்பானியர் இல்லை என்று அப்போதும் பேசினார்கள்.

நம் நாட்டில் பெயரோடு பிழைப்பும் போனது. 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியத் தாய் அல்லது தந்தைக்குப் பிறந்தவர்களுக்குத் தன் உயர்பணிகளின் கதவை அடைத்தது. அதை எதிர்த்து 1830-இல் அம்மக்களின் தலைவர்களில் ஒருவரான ஜான் ரிக்கெட்ஸ் லண்டன் நாடாளுமன்றம் வரை மனு கொண்டுபோனார். 'ஈஸ்ட் இந்தியர்' என்பது அம்மக்கள் தாங்களே சொல்லிக்கொண்ட பெயர். 'ஆங்கிலோ இந்தியர்' என்றால் அன்றைக்கு இந்தியாவில் குடியிருந்த ஆங்கிலேயர். அந்தப் பெயரைத் தங்களுக்குக் கேட்டு அம்மக்கள் போராடி, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அரசு ஏட்டில் ஏற்றவைத்தார்கள்.

எனக்கு உறுத்துவது அதன் பிறகு வந்த வரையறை. நம் அரசியலமைப்பின் 366(2) பிரிவுப்படி, தந்தைவழி ஆண் மூதாதையரில் ஒருவர் ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். தாய்வழி செல்லாது. ஆங்கிலோ இந்தியப் பெண் ஒரு தமிழரை மணந்தால், அவள் வயிற்றுப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் ஆங்கிலோ இந்தியர் அல்ல. தேயிலைத் தோட்டங்களில் இது வேறு விதமாக வலித்தது. துரைக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைக்கு, துரை ஒப்புக்கொள்ளாமல் கப்பலேறிவிட்டால் காட்டுவதற்குத் தந்தைவழி ஏது? வடக்கே தோட்டத் துரைமாரின் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே ஜான் கிரஹாம் பாதிரியார் 1900-இல் காலிம்போங்கில் ஒரு விடுதி தொடங்கினார். அங்கே வளர்ந்த பலரை நியூசிலாந்துக்கு அனுப்பிவைத்தார். தாயைத் திரும்பப் பார்க்காதவர்கள் அவர்களில் உண்டு. பெயர் எது என்பதைவிட, தாயைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் பெரிய கொடுமை என்பேன்.

'ஹாஃபு' என்ற சொல்லை மனமுவந்து ஏற்றவர்கள் ஜப்பானில் உண்டு, வெறுப்பவர்களும் உண்டு. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதை வளர்ந்த பிறகு அவளே சொல்லட்டும். அறிமுகத்துக்கு ஏன் தயக்கம்? தங்கை மகள். மசினகுடியில் யார் கேட்டாலும் 'என் மருமகள்' என்று சொல்லுங்கள்.