வீட்டு வாசலுக்கு எலெக்ட்ரானிக் பூட்டு: வாங்கும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

விரலை வைத்தால் திறக்கும் எலெக்ட்ரானிக் பூட்டுகள் இன்று ஹார்டுவேர் கடைகளிலும் ஆன்லைன் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன. கைரேகை, ரகசிய எண், கார்டு, மொபைல் போன், சாவி என ஐந்து வழிகளில் திறக்கும் என்று அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டியது எத்தனை வழிகளில் திறக்கும் என்பதல்ல. இந்த வழிகளில் ஒன்று வேலை செய்யாமல் போகும் நாளில் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா, உரியவர் மட்டும் உள்ளே போக முடியுமா என்பதுதான். கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்து கொள்ளலாம். வாசற்கதவு ஹேங் ஆனால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

நான் பெங்களூருவில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். பெற்றோரும் 82 வதைத் தாண்டிய பாட்டியும் திருச்சியில் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிய பின் மாலை வரை பாட்டி தனியாகத்தான் இருப்பார். அவருக்கு ஏதாவது என்றால் பக்கத்து வீட்டு அக்கா உடனே உள்ளே போக வேண்டும். அதற்காகவே பூட்டு தேடினேன். அப்போது ஒவ்வொரு பூட்டையும் பார்த்துக் கேட்டுக் கொண்ட ஆறு கேள்விகளை இங்கே காணலாம்.

1. என் கதவுக்குப் பொருந்துமா?

இவ்வகைப் பூட்டுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. கதவின் விளிம்பில் குழி வெட்டி உள்ளே இறக்குவது மார்ட்டிஸ் வகை. கதவின் உட்புறத்தில் மேலாகவே திருகிப் பொருத்துவது ரிம் வகை. நமக்குப் பழக்கமான நைட் லாட்ச் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கடைக்குப் போகும் முன் டேப் எடுத்துக் கதவின் தடிமனையும், பூட்டு அமரும் கட்டையின் அகலத்தையும் அளந்து கொள்ளுங்கள். சுமார் 35 மி.மீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ள கதவில் பல பூட்டுகள் பொருந்தாது. மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கேட் இருந்தால், பூட்டின் கைப்பிடி அதில் இடிக்குமா என்றும் பாருங்கள்.

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும். கதவைத் தள்ளிப் பிடித்தால்தான் பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளைக்குள் போகும் என்றால், பூட்டின் சிறிய மோட்டார் திணறும். பேட்டரியும் விரைவில் தீரும். முதலில் தச்சரை அழைத்துக் கதவைச் சரி செய்யுங்கள். பூட்டு வாங்குவது அதற்குப் பிறகு.

2. பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்?

அலுவலகக் கண்ணாடிக் கதவுகளில் உள்ள காந்தப் பூட்டு, மின்சாரம் முழுவதும் நின்றால் திறந்து கொள்ளும். வீட்டுப் பூட்டு அப்படியல்ல. பெரும்பாலானவை 4 அல்லது 8 ஏஏ பேட்டரிகளில் இயங்குகின்றன. எனவே கரண்ட் போனாலும் இவை வேலை செய்யும். ஆனால் பேட்டரி முழுவதும் தீர்ந்தால் பூட்டியது பூட்டியபடியே நிற்கும்.

இதற்கு மூன்று பாதுகாப்புகள் தேவை. ஒன்று, பேட்டரி குறையும்போதே சத்தமோ விளக்கோ காட்டி எச்சரிக்க வேண்டும். இரண்டு, வெளிப்புறத்தில் 9 வோல்ட் பேட்டரியை வைத்துத் தற்காலிக மின்சாரம் தரும் முனைகளோ, பவர் பேங்க் இணைக்கும் டைப்-சி துளையோ இருக்க வேண்டும். மூன்று, சாதாரண சாவி. அந்தச் சாவியை வீட்டுக்குள் பீரோவில் வைத்தால் பயனில்லை. நம்பிக்கையானவரிடம் வெளியே இருக்க வேண்டும்.

ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரிகளைப் போட வேண்டாம். அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகைகளில் பெரும்பாலானவை 1.2 வோல்ட். இந்த வித்தியாசத்தால் பூட்டு காட்டும் பேட்டரி அளவு தவறாகிவிடும்.

3. எல்லோருடைய விரலையும் படிக்குமா?

தற்போதைய பூட்டுகளில் பல, விரலின் மேடு பள்ளங்களை மின்னூட்ட வித்தியாசத்தால் உணரும் சென்சாரைக் கொண்டவை. வயதானவர்களுக்கும், பாத்திரம் தேய்ப்பது, சிமென்ட் வேலை போன்றவற்றைச் செய்பவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். ஈரக் கையையும் சென்சார் சரியாகப் படிக்காது. எனவே கடையில் உங்கள் விரலை மட்டும் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டிலேயே மூத்தவரின் விரலை வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைப் பதிவு செய்வது நல்லது. கைரேகைத் தகவல் பூட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது.

4. ரகசிய எண் எவ்வளவு ரகசியம்?

நான்கு இலக்க எண்ணில் 10,000 சேர்க்கைகள் உண்டு; ஆறு இலக்கத்தில் 10 லட்சம். ஆனால் தினமும் அதே நான்கு பட்டன்களை அழுத்தினால் அவற்றில் மட்டும் விரல் தடம் படியும். எந்த நான்கு எண்கள் என்று தெரிந்துவிட்டால் மீதி இருப்பது வெறும் 24 வரிசைகள்தான். எனவே ஆறு இலக்க எண், தவறான எண்ணைச் சில முறை அழுத்தினால் சிறிது நேரம் இயங்காமல் நிற்கும் வசதி, உண்மை எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத எண்களைச் சேர்த்து அழுத்தும் வசதி ஆகிய மூன்றும் இருக்கும் பூட்டையே தேர்ந்தெடுங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவர், பக்கத்து வீட்டுக்காரர் என ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுங்கள். ஒருவரின் எண்ணை நீக்கினால் மற்றவர்களுக்குச் சிரமம் இருக்காது.

5. போன் வழியாகத் திறப்பது தேவையா?

புளுடூத் பூட்டுக்கு அருகில் இருந்தால்தான் வேலை செய்யும். வை-பி எங்கிருந்தும் இயக்க உதவும். ஆனால் பேட்டரியை அதிகம் குடிக்கும். கரண்ட் போய் ரௌட்டர் அணைந்தால் தொலைவிலிருந்து திறப்பதும் நின்றுவிடும்.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த டெப்கான் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் 16 புளுடூத் பூட்டுகளைச் சோதித்ததில் 12 திறந்து கொண்டன. அவற்றில் சில, பாஸ்வேர்டை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே காற்றில் அனுப்பின. 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் தவறான அப்டேட்டை அனுப்பியதால் சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன. சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்டேட் வராத பூட்டும் ஆபத்து, சோதிக்காமல் அப்டேட் அனுப்பும் நிறுவனமும் ஆபத்து. பல ஆண்டுகளாகப் பூட்டு விற்று, உள்ளூரில் சர்வீஸ் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட்டே இல்லாமல் அந்தப் பூட்டு முழுமையாக இயங்குமா என்றும் கேளுங்கள்.

6. உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா?

தீ விபத்து போன்ற நேரத்தில் பேட்டரி, சிப் எதையும் நம்பாமல், உட்புறக் கைப்பிடியைத் திருப்பினாலே கதவு திறக்க வேண்டும். குழந்தைகள் தவறுதலாகத் திறக்காமல் இருக்க, கைப்பிடியுடன் ஒரு பட்டனையும் சேர்த்து அழுத்த வைக்கும் வசதி சில பூட்டுகளில் உண்டு. நடுங்கும் கைகளுக்கு அது சிரமம். அதை நிறுத்தி வைக்க முடியுமா என்று பாருங்கள்.

இதே இடத்தில் இன்னொரு தடை இருக்கிறது: தாழ்ப்பாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பூட்டும் வெளியிலிருந்து திறக்க உதவாது. எங்கள் பாட்டி மதியச் சாப்பாடு முடிந்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் படுப்பார். "கதவு தானாகவே பூட்டிக் கொள்ளும் பாட்டி, தாழ்ப்பாள் எதற்கு?" என்றேன். "அது பூட்டிச்சா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்? என் கையால போட்டாத்தான் தூக்கம் வரும்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அதனால் உட்புறம் கையால் திருகிப் பூட்டும் குமிழ் உள்ள பூட்டைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டி குமிழைத் திருகுகிறார்; நாக்கு 'டக்' என்று விழுவது அவருக்குக் கேட்கிறது. வெளியிலிருந்து சரியான எண்ணை அழுத்தினால் அதே நாக்கு பின்வாங்கும். பகலில் தாழ்ப்பாளுக்கு வேலையில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தனியாக ஓர் ஆறு இலக்க எண். பெங்களூருவிலிருந்து திறக்கும் வை-பி வசதிக்கு நான் பணம் கொடுக்கவில்லை. பாட்டி விழுந்தால் கதவு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே போய்த் தூக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளிடம் எண் இருக்கிறது.

பொருத்திய அன்றே செய்ய வேண்டியவை

* கம்பெனி வைத்த மாஸ்டர் எண்ணை உடனே மாற்றுங்கள்.

* முதல் சோதனைகளைக் கதவைத் திறந்து வைத்தே செய்யுங்கள். சாவியால் நாக்கு உள்ளே போய் வருகிறதா என்று பாருங்கள்.

* பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, உட்புறக் கைப்பிடியால் திறக்க முடிகிறதா, வெளிப்புற அவசர முனை வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்.

* தானாகப் பூட்டும் வசதி இருந்தால், எத்தனை விநாடிகளில் பூட்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பால் பாக்கெட் எடுக்க வெளியே வருபவர் மாட்டிக் கொள்ளக் கூடாது.

* கடைசியாக, வீட்டில் மிக வயதானவரை வெளியே நிற்க வைத்து, யாரும் உதவாமல் திறக்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளே இருந்து திறக்கச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் அந்தப் பூட்டு உங்கள் வீட்டுக்கு ஏற்றது. முடியாவிட்டால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.