ஏரிக்கரையில் பழகுங்கள், ட்ரவுட் அப்புறம்

கேள்வி: சின்ன வயதிலிருந்தே மண்புழு கோத்து ஏரியில் தூண்டில் போடுகிறவன் நான். இப்போது ஃப்ளை ஃபிஷிங்கில் ட்ரவுட் பிடிக்க ஆசை. நூறு ஃப்ளை அடங்கிய பெட்டி ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன், வாங்கலாமா? ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை. அங்கே கழிகிற ஆட்டு முடியில் நானே ஃப்ளை கட்ட முடியுமா?
– வாசகர், சோளிங்கர்

பதில்: பெட்டி வேண்டாம். அந்தக் காசை நல்ல லைனில் போடுங்கள். நீங்கள் பழகிய தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் ஃப்ளைக்கு, அதாவது முள்ளில் முடியும் இறகும் கட்டிய பொய்ப்பூச்சிக்கு, கனமே இல்லை. கனம் முழுக்க லைனில் இருக்கிறது, அதைத்தான் வீசுகிறோம். 9 அடி நீளத்தில் 5-ஆம் எண் ராடு, அதே எண்ணில் மிதக்கிற லைன், முனையில் 9 அடிக்குக் கூம்பி மெலிகிற லீடர். ஆரம்பத்துக்கு இது போதும்.

முதலில் தண்ணீர்கூட வேண்டாம். முனையில் கம்பளி நூல் துணுக்கைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைப் புல்லில் வீசிப் பழகுங்கள். ராடைத் தலைக்குச் சற்றுப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். லைன் முதுகுக்குப் பின்னால் நீண்டு முடியும்வரை பொறுத்து, அதற்குப் பிறகே முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கியது போல் பட்டென்று சத்தம் வரும், ஃப்ளை அறுந்திருக்கும். தோள் பலத்துக்கு இங்கே வேலையே இல்லை. வீச்சு கைவந்ததும் ஏரியில் ஜிலேபிக் கெண்டையிடம் முயன்று பாருங்கள், சின்ன ஃப்ளையை நன்றாகவே எடுக்கும். ஏரி குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ட்ரவுட் குளிர்ந்த ஓடைநீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும். பாலாறு, பொன்னையாற்றுப் பக்கம் அதைத் தேடிப் பயனில்லை. நீலகிரியில் 1860-களில் மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே அதைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார், நிலைக்கவில்லை. எச்.சி. வில்சனின் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே ரெயின்போ ட்ரவுட் அங்கே ஊன்றியது. ஆனால் அந்த ஓடைகளில் பல வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு நுழையவே கூடாது. ஊட்டி மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். நிம்மதியாகப் பிடிக்க வேண்டுமானால் இமாச்சலின் தீர்த்தன் ஆறு. அங்கே உரிமம் வாங்கிப் பிரவுன் ட்ரவுட் பிடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தடைக்காலம்.

இனி ஃப்ளை. நிறத்தைப் பார்த்து மயங்குவது எல்லோருக்கும் உள்ள பலவீனம், பெட்டி விற்கிறவருக்கு அதுதான் பிழைப்பு. மீனுக்கு முதலில் ஆழம், அடுத்து அளவு, நிறம் கடைசியில்தான். ட்ரவுட் பெரும்பாலும் நீருக்கடியில் உருண்டு வரும் பூச்சிப் புழுக்களைத் தின்கிறது. ஓடையில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டி அடிப்பக்கம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். அதே பருமனில் ஒரு நிம்ஃப், அதாவது நீருக்குள் மூழ்குகிற ஃப்ளை, கட்டுங்கள். ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் என்ற நிம்ஃப் வகைகள் இரண்டும் 12, 14, 16 எண் முள்ளில் இருந்தால் போதும். எண் கூடக்கூட முள் சிறிதாகும். மீன் மேலே வந்து வட்டம் போட்டால் மட்டும் மிதக்கிற ஃப்ளை, அதற்கு ஆடம்ஸ் என்ற வகையில் ஒன்று.

தோல் ஷாப்பு முடியை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பும் சல்பைடும் பட்ட முடி நைந்து போயிருக்கும், நூலை இறுக்கினால் துண்டு துண்டாகும். கறிக்கடையில் பச்சைத்தோலிலிருந்து ஒரு கொத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். சோப்பில் அலசிக் காயவைத்தால் குஞ்சுமீன் மாதிரியான நீளமான ஃப்ளைக்கு அருமையாக அமையும், ஏரியில் விராலும் அதற்கு வரும். நிம்ஃப் உடலுக்கு வயலில் உதிர்ந்து கிடக்கும் மயில் தோகையின் ஓர் இழையை முள்ளில் சுற்றுங்கள். அது சீக்கிரம் அறுந்துபோகும் என்பதால் மேலே மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் நாலு சுற்று ஓட்டிவிடுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகைக் கேட்கும். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, அந்தப் பக்கம் போகாதீர்கள். நாட்டுச் சேவலின் பிடரி இறகே தாராளம்.