சாம்பிராணிக் கரண்டியும் குந்திரிக எண்ணெயும்

ஆர்.கே.பேட்டையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் நடந்தால் தறிச் சத்தத்தோடு சாம்பிராணிப் புகையும் கூடவே வரும். கிருத்திகை நாளில் கேட்கவே வேண்டாம். இப்போது அந்தப் புகைக்குப் பங்காளியாக ‘ஃபிராங்கின்சென்ஸ் ஆயில்’ என்று ஒரு சின்னக் குப்பி வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கிறார்கள். கொல்லும்தான்; எவ்வளவு ஊற்றினால் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. நாட்டு மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கிவிட்டு வராமல் கட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிகம் மூன்றும் வேறு வேறு மரத்துப் பிசின். சுமத்திராவிலிருந்து வரும் சாம்பிராணியை உடைத்தால் உள்ளே பாதாம் பருப்பு பதித்தது போல வெள்ளைத் துண்டுகள் தெரியும். குங்கிலியம் சால மரத்துப் பிசின். ஃபிராங்கின்சென்ஸ் என்பது குந்திரிகம். பறங்கிச் சாம்பிராணி என்றும் சொல்வார்கள். வெளிர் மஞ்சளாக, கண்ணீர்த் துளி உறைந்தது போல இருக்கும். திருக்கடவூர் குங்கிலியக்கலய நாயனார் மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினார். நாம் சில்லறை கொடுத்து வாங்குகிறோம் என்பதற்காகப் பார்க்காமல் வாங்கலாமா?

2. சந்தேகமாக இருந்தால், சந்தனக் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குந்திரிகத் துளியை உரசுங்கள். அதில் பிசினோடு தண்ணீரில் கரையும் கோந்தும் கலந்திருப்பதால் பால் போல வெளுக்கும். குங்கிலியமோ பைன் மரத்து ரோசனமோ கலந்த சரக்கு அப்படி வெளுக்காது; பொடியாக உதிர்ந்து கிடக்கும்.

3. எண்ணெய் வாங்கும்போது லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டு மரம் போஸ்வெல்லியா செராட்டா. அதன் எண்ணெயில் பெரும்பாலும் ஆல்ஃபா தூஜீன் முன்னிற்கும். அரபு நாட்டு மரத்து எண்ணெயில் ஆல்ஃபா பைனீன். ‘மூட்டுவலிக்குப் போஸ்வெல்லிக் அமிலம் நிறைந்த எண்ணெய்’ என்று எழுதியிருந்தால் குப்பியை அங்கேயே வைத்துவிடுங்கள். அந்த அமிலம் கனமான மூலக்கூறு. நீராவியோடு மேலே ஏறி வராது, வடித்த பிறகு சட்டியில் தங்கும் பிசினிலேயே நின்றுவிடும். ஆவியாகி வருவதெல்லாம் பைனீன், லிமோனீன் போன்ற லேசான டெர்பீன்கள்தான்.

4. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். சுத்த எண்ணெய் ஏறக்குறையத் தடமில்லாமல் பறந்துவிடும். பலகாரம் வைத்த காகிதம் போல வட்டமாகக் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

5. இனி கிருமி விஷயம். இந்த டெர்பீன்கள் கொழுப்பில் கரைபவை. கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து அதை ஒழுக விட்டுவிடும். தென்னாப்பிரிக்காவில் கடைகளில் விற்கும் 20 குந்திரிக எண்ணெய்களை வாங்கிச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே பெயரில் விற்ற குப்பிகளில் ஆல்ஃபா பைனீன் ஒன்றில் நூற்றுக்கு 2 பங்கு, இன்னொன்றில் 64 பங்கு! புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைத் தடுக்க ஒரு மில்லி லிட்டருக்கு 4 முதல் 16 மில்லி கிராம் வரை எண்ணெய் தேவைப்பட்டது. நம் வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். வீடு துடைக்கும் வாளியில் 10 லிட்டர் தண்ணீர். குறைந்த அளவான 4-ஐ வைத்துக்கொண்டாலும் 40 கிராம் எண்ணெய் வேண்டும். 10 மில்லி குப்பி ஏறக்குறைய ஐந்து. நாம் விடுவதோ ஐந்து சொட்டு. அதுவும் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். ஆகவே தரைக்குச் சோப்புத் தண்ணீரோ பிளீச்சிங் பவுடரோ போட்டுத் துடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகு வாசனைக்காக ஒரு பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு மூலையில் வையுங்கள்.

6. உடம்பில் தடவுவதானால் ஒரு மேசைக் கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு மூன்று சொட்டு போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

7. குப்பியைப் பூஜை அலமாரியில் விளக்குச் சூட்டில் வைக்காதீர்கள். காற்றும் சூடும் பட்டால் டெர்பீன்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து தோலில் அரிப்பு உண்டாக்கும் பொருளாக மாறும். ஃபிரிட்ஜ் கதவில், நன்றாக மூடி வையுங்கள். ரப்பர் சொட்டு மூடியும் ஆகாது. நான் வாங்கிய குப்பியில் இரண்டே மாதத்தில் ரப்பர் பிசுபிசுவென்று இளகி எண்ணெய்க்குள்ளேயே விழுந்துவிட்டது. வெளிச்சம் புகாத கண்ணாடிக் குப்பி, திருகு மூடி, அவ்வளவுதான்.

8. தூபக்காலில் கொட்டாங்குச்சிக் கரி தகதகவென்று சிவந்திருக்கும்போதே பொடியைக் கொட்டாதீர்கள். பிசின் கருகி, கண் எரியும் கரும்புகைதான் வரும். கரிமேல் சாம்பல் பூக்கட்டும், பிறகு ஒரு சிட்டிகை தூவுங்கள். வெள்ளைப் புகை மெல்லச் சுருண்டு எழும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. பச்சைக் குழந்தையின் தலையைப் புகைமேல் காட்டுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பாட்டிமார் கோபித்தாலும் பரவாயில்லை, அது வேண்டாம். மெல்லிய பருத்தித் துண்டை முற்றத்தில் புகைகாட்டி, உதறி, அதனால் தலையைத் துவட்டினால் வாசனையும் வரும், குழந்தையும் இருமாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் புகையே வேண்டாம்.

9. தூபக்காலில் ஒட்டிய பிசின் தண்ணீருக்கு அசையாது. லேசாகச் சுட வைத்த தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி விட்டு, சாம்பல் போட்டுத் தேயுங்கள். சேலையில் சொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது. ஐஸ் கட்டி வைத்து இறுக வைத்துச் சுரண்டி எடுங்கள்.

10. திருப்பதிப் பக்கம் போகிறவர்கள் ‘கொண்ட சாம்பிராணி’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது சேஷாசல மலைத்தொடரை விட்டால் அரிதாகவே காணக்கூடிய குந்திரிக மரம், போஸ்வெல்லியா ஓவாலிஃபோலியோலேட்டா. 1961-இல்தான் தனி இனமாகப் பெயரிட்டார்கள். பிசினுக்காகப் பட்டையைக் கண்டபடி வெட்டி வெட்டியே மரம் அருகி வருகிறது. காய்ந்த குன்றில் இலையுதிர்த்து நிற்கிற அந்த மரத்தில், வெட்டுக்காயத்தின் மேல் பிசின் வெள்ளையாகத் திரண்டு மூடும். மரம் அதைச் சுரப்பது தன் புண்ணை ஆற்றிக்கொள்ளத்தான்.