காஞ்சிபுரத்தில் இருந்தே ரிசர்ச் ஃபண்டிங் பிடிப்பது எப்படி?

சைபர் செக்யூரிட்டி படித்துவிட்டு ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு மட்டும் ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா? அரசின் ஆராய்ச்சிப் பணத்தையும் பாருங்கள். 2018-இல் ஒப்புதல் பெற்ற சைபர்-பிசிக்கல் சிஸ்டம்ஸ் தேசிய மிஷனுக்கு 3,660 கோடி ரூபாய். அதில் பிறந்த 25 மையங்களில் ஐஐடி கான்பூரில் உள்ளது சைபர் பாதுகாப்புக்கென்றே இயங்குகிறது. அதே 25-இல் ஒன்றான ஐஐடி மெட்ராஸின் பிரவர்தக் நமக்குப் பக்கம்.

1. சரியான கதவைத் தட்டுங்கள். பெரிய கிராண்ட் பெரும்பாலும் பேராசிரியர் பெயரில்தான் வரும். நெட் அல்லது கேட் தகுதி இருந்தால் ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோவாக (ஜே.ஆர்.எஃப்.) சேரலாம்: மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. விளம்பரம் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னொருவர் முந்திவிடுவார். ஒரு பக்க ஐடியாவோடு நேரில் போய்ப் பேசுங்கள்.

2. உங்கள் ஊர்தான் உங்கள் அட்வான்டேஜ். 'ஏ.ஐ. பாதுகாப்புத் தளம்' என்று யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். காஞ்சிபுரத்துக்காரரான நீங்கள் எழுத வேண்டியது வேறு. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் பெயரில் ஆன்லைனில் போலி விற்கிறது. அனுபவசாலி ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்த்துவிடுவார். போனில் படம் பார்த்து வாங்குபவர் எதைச் சுரண்டுவது? க்யூ.ஆர். லேபிள் ஒட்டலாம் என்பீர்கள். அந்த லேபிளை நகலெடுத்துப் பவர்லூம் சேலையில் ஒட்டினால்? கையால் போட்ட கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடத்தின் சின்னச் சின்ன வேறுபாடுகளை, அந்தச் சேலையின் கைரேகையாகப் பதிவு செய்ய முடியுமா? இதுதான் ஆராய்ச்சிக் கேள்வி. இப்படிக் கூர்மையாகக் கேட்டால் பேனல் நிமிர்ந்து உட்காரும்.

3. ஆதாரம் காட்டுங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆதரவுக் கடிதம் ஒன்று, பத்து ஆன்லைன் சர்டிஃபிகேட்டைவிடக் கனமானது. நெசவாளரின் பெயர், போன் நம்பர், கூலி விவரம் சேகரிப்பதானால் எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். பாதுகாப்பு பற்றி ஆராய்பவரே தரவைக் கசியவிட்டால் அடுத்த கிராண்ட் கிடையாது.

4. பட்ஜெட்டில் நேர்மை தெரியட்டும். பில்களை முதல் நாளிலிருந்தே ஃபைல் பண்ணுங்கள்; செலவுச் சான்றிதழ் தாமதித்தால் அடுத்த தவணை நின்றுபோகும். லேப்டாப்புக்கு மட்டும் தொகை கேட்காதீர்கள். தறியை நிறுத்திவிட்டு உங்களுக்குப் பதில் சொல்லும் நெசவாளருக்கு அரைநாள் கூலி போகிறது. அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.