மலையகத்தில் கடை எடுக்குமுன் வெறும் மாதங்களை எண்ணுங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எமது கரையோர ஊர்களில் கடைக்குப் பக்கத்தில் கடை. தந்தை புடவைக்கடை வைத்தார், மூன்று ஆண்மக்களும் புடவைக்கடை வைத்தார்கள், வாங்குகிறவர்களின் தொகை மட்டும் அதே அளவில் கூடவில்லை. ஆகவே வெளியூரில் கடை எடுப்பது பற்றி எமது இளைஞர்கள் யோசிப்பதில் தவறேதும் இல்லை. கொழும்பில் இடம் கிடைப்பது கடினம், வெளிநாடு என்றால் குடும்பத்தைப் பிரிய வேண்டும். இப்படி யோசிப்பவர்களில் பலருக்கு முதலில் கண்ணில் படுவது நுவரெலியா, பண்டாரவளை, வெலிமடை, ஹட்டன் போன்ற குளிர் ஊர்கள்தான். ஏப்ரல் மாதத்தில் சுற்றுலா போய், அங்குள்ள கடைகளில் நிற்கும் கூட்டத்தைக் கண்டு வந்தவர்கள் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதில்லை.

மருதமுனைச் சாரன்களையும் மேசை விரிப்புகளையும் பல வருடங்களாக ஊவாப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருபவன் என்ற வகையில், இந்த விடயத்தில் நான் கண்டறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்வது பயனுள்ளது என நினைக்கிறேன். போக வேண்டாம் என்று யாரையும் தடுப்பது எனது நோக்கமல்ல. போகிறவர் எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் எனது கேள்வி.

குளிரும் ஒரு செலவுதான்

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6.5 பாகை வெப்பம் குறைகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எமது கரையில் சராசரி 28 பாகை என்றால் அங்கே 16 பாகை. பண்டாரவளை ஏறத்தாழ 1,230 மீற்றர், அங்கே 20 பாகையளவு. பதுளை 680 மீற்றரளவில் இருப்பதால் குளிர் குறைவு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு.

இந்தப் பாகைக் கணக்கு வியாபாரிக்கு எதற்கு? சரக்குக்காகத்தான். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். ஒடுங்கிய வாய்ப் போத்தலில் எண்ணெயை அடைத்துக் கொண்டுபோனவர் அதை விற்கவும் முடியாது, வாங்கியவர் ஊற்றவும் முடியாது. எமது பக்கத்திலிருந்து போகும் கருவாடு இங்கே வெயிலில் சலசலவென்று காய்ந்திருக்கும். அங்கே மழை மாதத்தில் ஒரு கிழமை சாக்கில் கிடந்தால் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். உப்பும் சீனியும் கசியும், சீமெந்து மூட்டைக்குள்ளேயே கட்டியாகும், தோல் செருப்பில் வெள்ளை படரும். பருத்திச் சாரனை நிலத்தில் அடுக்கினாலோ சுவரோடு ஒட்டி அடுக்கினாலோ மடிப்பில் புள்ளி விழும்.

சாரனையே எடுத்துக்கொள்வோம். 800 ரூபாவுக்கு வாங்கி 1,000 ரூபாவுக்கு விற்றால் கிடைப்பது 200 ரூபா. ஒன்று பழுதானால் அந்த 800 ரூபாவைத் திரும்பப் பெற இன்னும் நான்கு சாரன் விற்க வேண்டும். ஆகவே பலகை அடித்த தட்டு, சுவருக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி, இறுக்கமான பொலித்தீன் உறை, சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குதல் ஆகியவை அங்கே கட்டாயம். இவற்றுக்கான பணத்தைக் கடை திறக்கும் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

லொறிச் செலவையும் மறக்கக்கூடாது. கல்முனைப் பிரதான வீதி ஏ4 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. அதே வீதி அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாக வெல்லவாயவுக்குப் போகிறது. அதுவரை பெரிய சிரமமில்லை. வெல்லவாயவிலிருந்து எல்ல, பண்டாரவளை என்று ஏறத் தொடங்கினால் டீசல் கூடுதலாக எரியும், பிரேக், கிளச் விரைவில் தேயும். எமது ஊரின் சமதரையில் ஓடிப் பழகிய சாரதிக்கு, இறக்கத்தில் சிறிய கியரில் வண்டியைப் பிடித்து இறக்கும் பழக்கம் தனியாக வர வேண்டும்.

நாட்காட்டி மாறுகிறது

எமது ஊரில் யாவாரம் வேளாண்மை வெட்டோடு ஏறி இறங்குகிறது. பெரும்போக வெட்டு முடிந்ததும் கையில் காசு, கடையில் கூட்டம். அதற்கடுத்து நோன்பும் இரண்டு பெருநாட்களும். இந்த நாட்காட்டி எமது இரத்தத்தில் ஊறியது. மலையகத்தில் அது செல்லாது.

அங்கே மாதச் சம்பளமே முக்கியம். தோட்டங்களில் சம்பளம் கைக்கு வருவது 10ஆம் திகதியளவில். 10க்கும் 15க்கும் இடையில் காசு புரளும், அதன் பின்னர் கடன் கொப்பி திறக்கும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் வேலை கிடைத்த நாட்களுக்கே அந்தச் சம்பளம். கொழுந்து குறைந்த மாதத்தில் வேலை நாட்களும் குறையும். அந்த மக்கள் வாங்கிய கடனை நேர்மையாகத் தருகிறவர்கள் என்பது எனது அனுபவம். எனினும் தாமதமாக வரும் காசுக்கும் முதல் வேண்டும். ஒரு மாதக் கடனைத் தாங்க முடியாத முதலோடு அங்கே கடை திறப்பது ஆபத்து.

தோட்டப் பகுதியில் பெரிய யாவாரம் தீபாவளி. அதற்கு முற்பணம் கொடுக்கப்படுவதால் புடவைக்கும் பாதணிக்கும் அதுவே பருவம். அதன்பின் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு. நுவரெலியா நகரில் ஏப்ரல் மாத வசந்த காலம். இப்போது ஒரு சிக்கலைக் கவனியுங்கள். எமது பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2023இலும் 2024இலும் நோன்புப் பெருநாள் ஏப்ரல் மாதத்திலேயே வந்தது. பெருநாளைக்கு வீட்டுக்கு வருவதா, வசந்த காலத்தில் கடையைத் திறந்து வைப்பதா? இதை வீட்டாருடன் முன்கூட்டியே பேசித் தீர்க்காதவர் இரண்டையும் இழப்பார்.

மழையும் வேறு. எமக்கு மாரி என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை. ஜூன், ஜூலை என்றால் கச்சான் காற்று, காய்ச்சல் வெயில். அதே ஜூன், ஜூலையில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. பின்னேரமே இருட்டி, ஆறு மணிக்குத் தெரு வெறிச்சோடிப் போகும். பதுளை, வெலிமடைப் பக்கமோ அந்த நேரத்தில் காய்ந்திருந்து, வருடக் கடைசியில் நனையும். மலையகம் என்று ஒரே பெயரைச் சொன்னாலும், எந்தச் சரிவில் கடை என்பதைப் பொறுத்து வெறும் மாதம் வேறுபடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

மாதமொன்றுக்குக் கடை வாடகை 60,000, தங்கும் அறையும் சாப்பாடும் 45,000, உதவியாளர் சம்பளம் 50,000, மின்சாரம், தண்ணீர், சில்லறை 15,000, சரக்கு ஏற்றுக்கூலி 20,000, ஊருக்கு இரண்டு முறை வந்துபோக 10,000. மொத்தம் 200,000 ரூபா. விற்பனையில் நூற்றுக்கு இருபது இலாபம் என்று வைத்தால், இந்தச் செலவை ஈடுசெய்ய மட்டும் மாதம் 10 இலட்சத்துக்கு, அதாவது வருடம் 120 இலட்சத்துக்கு விற்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் 100,000 அனுப்ப வேண்டுமென்றால் மாதம் 15 இலட்சம், வருடம் 180 இலட்சம்.

ஏப்ரலில் 30 இலட்சத்துக்கு விற்கிறீர்கள், மற்றொரு நல்ல மாதத்தில் 15 இலட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். மீதி பத்து மாதங்களில் 135 இலட்சம் விற்க வேண்டும். நாளொன்றுக்கு 45,000 ரூபா. மழை கொட்டும் ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் அந்தக் கடையில் 45,000 ரூபாவுக்கு விற்குமா? ஆம் என்றால் போகலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர் இன்னும் கணக்கே போடவில்லை.

ஏப்ரலை மட்டும் நம்புவது எவ்வளவு அபாயம் என்பதை அண்மைய வருடங்கள் காட்டிவிட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதலோடு சுற்றுலா முடங்கியது, எமது சமூகத்தவரின் கடைகள் பல ஊர்களில் வாடிக்கையாளரை இழந்தன. 2020இல் கொரோனா ஊரடங்கினால் வசந்த காலமே நடைபெறவில்லை. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. நான்கு வருடங்களில் மூன்று ஏப்ரல்கள் இப்படிப் போயின. வாடகை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

வீடு யாருடையது?

எமது கரையோர வழக்கப்படி வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வளவில் உம்மா, அடுத்த வளவில் சகோதரி. பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் தூக்கிக்கொள்ள நான்கு கைகள் உண்டு. குடும்பத்தை மலைக்குக் கொண்டுபோனால் அந்தக் கைகளை அங்கே காசுக்கு வாங்க முடியாது. கொண்டுபோகாவிட்டால் இரண்டு அடுப்பு எரியும். வயோதிபப் பெற்றோருக்கு ஆஸ்துமாவோ மூட்டுவலியோ இருந்தால் குளிர் அதைக் கூட்டும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு அடுத்த விடயம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும் வழங்கப்படுகிறது. உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பது அதில் பார்க்கப்படும். ஆகவே உயர்தரத்தை நெருங்கும் பிள்ளையை இடையில் மாற்றுமுன் அதிபரிடம் தெளிவாகக் கேட்டறியுங்கள். மொழியும் உண்டு. கல்முனையில் ஆயுள் முழுக்கத் தமிழிலேயே யாவாரம் செய்யலாம். பதுளையிலும் வெலிமடையிலும் சிங்களம் தெரியாதவர் கல்லாவில் இருந்தால் பாதி வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கடலும் மலையும்

2004 டிசம்பர் 26இல் கடல் எம்மை அடித்த பின்னர், மலையில் இருந்தால் பயமில்லை என்று பலர் சொன்னார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியாபெத்தை தோட்டத்தில் லயன் வரிசைகளையே மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கி, வீதிகளை அறுத்துப் போட்டது. கடை தப்பினாலும் வீதி அறுந்தால் சரக்கு வராது.

ஆகவே கட்டடத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்க்காமல் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டிய மண்மேடு சுவரோடு நிற்கிறதா, சுவரில் வெடிப்பு உண்டா, மழைநீர் எங்கே ஓடுகிறது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களை வரைபடமாக வைத்திருக்கிறது, மழைக்காலத்தில் எச்சரிக்கையும் விடுக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பிரதேச செயலகத்தில் அந்த இடத்தைப் பற்றி விசாரிப்பதற்கு ஒரு நாள் போதும்.

போவதானால் எப்படி?

என் தங்கையின் மகன் கடந்த வருடம் இதே யோசனையுடன் வந்தார். பண்டாரவளையில் ஒரு கடை பேசியாயிற்று, முற்பணத்துக்கு மனைவியின் நகையை அடகு வைப்பதாக இருந்தார். எந்த மாதத்தில் கடையைப் பார்த்தீர் என்று கேட்டேன். ஏப்ரல் என்றார். வெறும் மாதமொன்றில் பத்து நாள் அங்கே தங்கி, சம்பளத்துக்கு முந்திய ஐந்து நாளும் பிந்திய ஐந்து நாளும் அந்தத் தெருவில் எத்தனை பேர் பையோடு போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். போய் எண்ணினார். கடை எடுக்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் ஆறு கடைகளுக்குச் சாரனும் படுக்கை விரிப்பும் கொடுக்கிறார். மாதம் இரண்டு தடவை போகிறார், நகை வீட்டில் இருக்கிறது. இரண்டு வருடம் இப்படி ஓடி, எந்தக் கடையில் என்ன ஓடுகிறது என்று தெரிந்த பின் கடை எடுப்பது பற்றி யோசிப்பதாகச் சொல்கிறார்.

இந்த ஒழுங்கையே நான் மற்றவர்களுக்கும் சொல்வேன். முதலில் சரக்கு போகட்டும், அதன்பின் நீங்கள் போங்கள், கடைசியாகக் குடும்பம் போகட்டும். கடை எடுத்தால் முதல் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் நீடிக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். முற்பணம் எப்போது, எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வியாபாரப் பெயர்ப் பதிவையும் உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரத்தையும் அந்த ஊரிலேயே பெற வேண்டும், கல்முனைப் பத்திரம் அங்கே உதவாது. ஊர்க்கடையை மூடிவிட்டுப் போகாதீர்கள். ஆறு மாத வாடகையும் ஆறு மாத வீட்டுச் செலவும் முதலுக்கு வெளியே தனியாக இருக்கட்டும். அந்தத் தொகை இல்லையென்றால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

மலையகத்தில் கடை வைத்து, அவ்வூராரால் ‘நானா’ என்று மதிப்போடு அழைக்கப்படும் எமது பக்கத்தவர்களை நான் அறிவேன். தேங்காயெண்ணெயை அகன்ற வாய்ப் போத்தலில் விற்கவும், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னரே கொள்முதல் செய்யவும் கற்றவர்கள் அவர்கள். கூட்டம் வந்த மாதத்துக் காசை, கூட்டம் வராத மாதத்துக்கென்று எடுத்து வைக்கவும் அவர்களுக்குத் தெரியும்.