மழை நாளில் வண்டிப் பந்தயம்: நடத்துவதா, நிறுத்துவதா?

சித்திரை, வைகாசி மாதங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நம் கிராமங்களில் மாட்டுவண்டிப் பந்தயங்களும் குதிரைவண்டிப் பந்தயங்களும் நடைபெறுகின்றன. கோடை மழை திடீரென்று இறங்குவதும் அம்மாதங்களில்தான். பெரிய மாடுகளின் பந்தயம் முடிந்து, நடு மாடுகளை வண்டியில் பூட்டிக்கொண்டிருக்கும் வேளையில் வானம் கறுக்கிறது. அரைமணி நேரம் அடித்துப் பெய்து ஓய்கிறது. கூட்டம் கலையவில்லை. பரிசளிக்க வந்த பெரியவர்கள் பந்தலில் அமர்ந்திருக்கிறார்கள். மாடுகளை லாரியில் ஏற்றி ஐம்பது மைல் கடந்து வந்தவர்கள் செலவை எண்ணிப் பார்க்கிறார்கள். "ஓட்டலாம்" என்று சிலரும் "வேண்டாம்" என்று சிலரும் கூற, யாருடைய குரல் ஓங்குகிறதோ அவர் சொன்னபடி காரியம் நடந்துவிடுகிறது. குரல் வலிமையால் முடிவு செய்யக்கூடிய விஷயம் அன்று இது. மழைக்குப் பின் பந்தயம் தொடரலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார், எதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் மாடு வளர்க்கும் விவசாயிகளும் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது அவசியம்.

வண்டி பூட்டி ஓட்டும் பந்தயம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கா, கனடா, பிரான்சு, சுவீடன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் குதிரையை இரு சக்கர இலகு வண்டியில் பூட்டி ஓட்டும் பந்தயம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவ்வண்டிக்குச் 'சல்க்கி' என்று பெயர். இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. குறுக்குக் கால்கள் இணைந்தெழும் 'டிராட்' நடையிலோ, ஒரு பக்கத்துக் கால்கள் இணைந்தெழும் 'பேஸ்' நடையிலோ மட்டுமே ஓட வேண்டும். பாய்ச்சலுக்கு மாறினால் சாரதி இழுத்துப் பிடித்து மீண்டும் நடைக்குக் கொணர வேண்டும். நல்ல குதிரை ஒரு மைல் தூரத்தை இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாகக் கடந்துவிடும். அதாவது மணிக்கு முப்பது மைலுக்கு மேற்பட்ட வேகம். அமெரிக்காவில் இந்தப் பந்தயம் விவசாயிகளின் கண்காட்சிகளோடு சேர்ந்து வளர்ந்தது. ஓஹையோ மாநிலத்தின் டெலவேர் ஜில்லாக் கண்காட்சியில் 1946ஆம் ஆண்டு முதல் நடைபெறும் 'லிட்டில் பிரவுன் ஜக்' பந்தயம் இன்றும் பெயர் பெற்றது. ஆகவே, அவர்களுக்கும் நமக்கும் பிரச்சினை ஒன்றே: கண்காட்சிக்குக் கூட்டம் கூடிவிட்டது, மழையும் வந்துவிட்டது.

இதற்கு அவர்கள் கண்ட வழி நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. 1939இல் தோன்றிய அமெரிக்க டிராட்டிங் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இடம் பெற்ற ஏற்பாடு யாதெனில், மழையினால் ஓடுதளம் சந்தேகத்துக்கு இடமானால், தலைமை நடுவர் மூவரைக் கொண்ட கூட்டம் ஒன்றைக் கூட்ட வேண்டும். பந்தயம் நடத்துவோரின் பிரதிநிதி ஒருவர், குதிரைக்காரர்களின் பிரதிநிதி ஒருவர், தலைமை நடுவர் ஆகியோரே அம்மூவர். தளம் பாதுகாப்பானது என்று மூவரும் ஒருமனதாகக் கூறினால் பந்தயம் நடைபெறும். அதன்பின் அனுமதியின்றி எவரும் விலக முடியாது. மூவரில் ஒருவர் மாறுபட்டாலும், விரும்புகிற உரிமையாளர் பரிசுத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டுத் தம் குதிரையை விலக்கிக்கொள்ளலாம். விலகியது தக்க காரணத்தோடுதானா என்று பின்னர் விசாரித்து, அத்தொகை திருப்பித் தரப்படும் அல்லது அபராதமாக நிறுத்திக்கொள்ளப்படும். பலர் விலகி, ஓட இருப்பவை ஆறுக்கும் குறைந்துவிட்டால், நடத்துவோர் பந்தயத்தை ஒத்திவைக்கவோ கைவிடவோ உரிமை பெறுகின்றனர்.

இதில் அடங்கியுள்ள நியாயத்தைப் பாருங்கள். பந்தயம் நடத்துவோருக்கு நிறுத்தினால் நஷ்டம். எனவே அவர் தனித்து முடிவு செய்யலாகாது. குதிரைக்காரருக்கோ, தம் குதிரை சேற்றில் ஓடாது என்று தெரிந்தால் நிறுத்தச் சொல்லும் ஆசை எழும். எனவே அவரும் தனித்து முடிவு செய்யலாகாது. லாப நஷ்டம் இல்லாத நடுவர் இருவருக்கும் இடையே நிற்கிறார். மூவரில் ஒருவர் ஐயுற்றாலும், உரிமையாளர் தம் பிராணியைக் காப்பாற்றிக்கொள்ள வழி திறந்திருக்கிறது. ஆனால் பணம் கட்ட வேண்டியிருப்பதால், வீண் சாக்குச் சொல்லி விலகுவோர் குறைகின்றனர். நம் விழாக் கமிட்டிகளில் இத்தகைய ஏற்பாட்டை அமைப்பது பெரிய காரியமன்று. கமிட்டியில் ஒருவர், சாரதிகள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் ஒருவர், கால்நடை மருத்துவர் அல்லது வெளியூர் நடுவர் ஒருவர் என மூவர் போதும். உள்ளூர்ப் பெருந்தனக்காரர் எவரையும் மூன்றாமவராக வைக்காதிருப்பது நலம் என்பது நம் கருத்து. பரிசு கொடுத்தவர் நிறுத்தச் சொல்ல மாட்டார்.

இனி, அம்மூவர் எதைப் பார்க்க வேண்டும்? மேலே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைவிட, அடியில் இருப்பது எது என்பதே முக்கியம். அயல்நாட்டுக் குதிரைவண்டித் தளங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூளைக் கெட்டியாக இறுக்கி அமைத்தவை. மழை வரும் என்று தெரிந்தவுடன் தளத்தை உருளையால் அழுத்தி மூடிவிடுவார்கள். நீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடும். மேலே நீர் தளும்பினாலும் அடி கெட்டியாக இருந்தால் குதிரை கிட்டத்தட்டப் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. நீர் உள்ளே ஊறிச் சேறாகிவிட்ட தளமே குளம்பை இழுத்துப் பிடித்து நரம்பை முறுக்குகிறது. பாரிஸ் நகரத்தின் வின்சென் மைதானத்தில் குளிர்காலத்திலும் பந்தயம் நடப்பதற்கு, அதன் கருநிறக் கசடுத் தளம் நீரை எளிதில் வடியவிடுவதும் ஒரு காரணமாகும்.

நம் நாட்டிலோ தளம் ஊருக்கு ஊர் மாறுகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ரேக்ளா பெரும்பாலும் 200 மீட்டர், 300 மீட்டர் என்ற குறுகிய நேர்ப்பாதையில், கடிகாரம் வைத்து ஓட்டப்படுகிறது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், தூத்துக்குடி முதலிய ஜில்லாக்களிலோ, போக வர இத்தனை மைல் என்று கணக்கிட்டுத் தார்ச்சாலையிலேயே ஓட்டுகிறார்கள். இரண்டிலும் மழையால் வரும் ஆபத்து ஒன்றல்ல.

மண் பாதையில் முதலில் மண்ணின் தன்மையைக் காண வேண்டும். மணல் கலந்த செம்மண் சிறிது நேரத்தில் நீரை வாங்கிக்கொண்டு இறுகிவிடும். கரிசல் மண்ணோ வழுக்கவும் செய்யும், ஒட்டவும் செய்யும். அன்று மாலைக்குள் அது ஓட்டத்துக்குத் தகுதியாகும் என்று எதிர்பார்ப்பது வீண். ஒருவர் பாதையின் மேல் நடந்து குதிகாலை அழுத்தித் திருப்பிப் பார்த்தால் போதும். மேல்நீர் விலகி, அடி அசையாதிருந்தால் தளம் பிடிக்கும். குதிகால் புதைந்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் மாட்டின் காலும் அவ்வாறே புதையும். இச்சோதனையை ஓரிடத்தில் மட்டும் செய்தால் பயனில்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் மாடுகள் வேகம் தணிந்து நிற்கும் இடத்தில் கட்டாயம் செய்ய வேண்டும். பாதையைச் சீராக்குவோர் அந்த இடத்தை மறந்துவிடுவது வழக்கம்.

தார்ச்சாலை பார்வைக்குச் சுத்தமாகத் தெரிவதால் அதிகமாக ஏமாற்றுகிறது. பல வாரம் வெயில் காய்ந்த சாலையில் வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். முதல் மழைத்துளி விழுந்ததும் அவை குழைந்து ஒரு மெல்லிய பசையாகின்றன. பெருமழை பெய்து கழுவிவிட்ட சாலையைக் காட்டிலும், தூறல் மட்டும் விழுந்த சாலையே இக்காரணத்தால் மிகுதியாக வழுக்கும். "சிறு தூறல்தானே" என்று சொல்லும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். மேலும், லாடம் இரும்பு. நனைந்த தாரின் மேல் இரும்பு பிடிக்காது. மாட்டின் குளம்பு பிளவுபட்டதாதலால் மண்ணில் விரிந்து ஊன்ற வல்லது. லாடம் கட்டித் தார்ச்சாலையில் விட்டபின் அந்த வசதியும் போய்விடுகிறது. பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கி அகன்று மாடு விழுமானால் இடுப்புத் தசை கிழிகிறது, எலும்பும் முறியலாம். முழு வளர்ச்சியடைந்த கனத்த காளைக்குத் தொடை எலும்பு முறிந்தால் அது மீண்டும் எழுந்து நடப்பது அரிது. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டி வளர்த்த ஜோடி, பத்து நிமிஷ அவசரத்தினால் ஒற்றையாகிவிடும்.

சாலைப் பந்தயத்தில் வளைவுகளையும், கொடி நட்டுத் திரும்பும் இடத்தையும் தனியே கவனிக்க வேண்டும். திரும்பும் வண்டி வழுக்கினால் வெளிப்பக்கமாகத்தான் செல்லும். வேடிக்கை பார்ப்போர் நெருங்கி நிற்பதும் வெளிப்பக்கத்தில்தான். ஒரு சக்கரம் தாரிலும் மறு சக்கரம் நனைந்த சாலையோர மண்ணிலும் ஏறினால் வண்டி குடைசாய்கிறது. கூடவே ஓடிவரும் துணைச் சாரதியின் காலும் அந்தச் சேற்றில்தான் பதிகிறது. நனைந்த பிடிகயிறு கையில் நழுவும். முன்வண்டிச் சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்றில் பின்வண்டிக்காரரின் கண் மறையும். அயல்நாட்டில் இதற்காகச் சாரதிகள் கண்ணாடி அணிகின்றனர். மழை நாளில் சக்கரங்களுக்குச் சேறு தடுப்புத் தகடும் பொருத்துகின்றனர். நம்மிடம் இவை இல்லையாதலால், தொடர்வதாக முடிவானாலும் ஒரே சமயத்தில் விடும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பது நலம்.

தளம் எவ்வாறிருந்தாலும் விவாதத்துக்கே இடமளிக்காத ஒன்று உண்டு. அஃது இடி மின்னல். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி பிடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஆபத்து பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்பொழுதே நிறுத்திவிட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழியும்வரை தொடங்கலாகாது. மின்னல் தரையில் பாயும்போது, முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே தூரம் மிகுந்த கால்நடைகளின் உடலில் மின்சாரம் எளிதில் ஏறுகிறது. மழைக்கு ஒதுக்குவதாக மாடுகளைத் தனி மரத்தடியில் கட்டுவதைக் காட்டிலும் கேடான செயல் வேறில்லை.

நேரம் கணக்கிட்டு ஓட்டும் ரேக்ளாவில் மற்றொரு சிக்கலும் உண்டு. காய்ந்த தளத்தில் பாதி ஜோடிகள் ஓடிவிட்டன, மீதி ஜோடிகள் நனைந்த தளத்தில் ஓடுகின்றன எனில், இருவர் நேரத்தையும் ஒப்பிட்டுப் பரிசளிப்பது முறையாகாது. சச்சரவுகள் பலவும் இங்கேதான் முளைக்கின்றன. அந்த வகுப்பு முழுவதையும் வேறு நாளில் மீண்டும் ஓட்டுவது, அல்லது அந்த வகுப்பின் பரிசை ஓட வந்த எல்லோருக்கும் சமமாகப் பகிர்வது என்ற இரண்டில் எதைச் செய்வது என்பதை நோட்டீசிலேயே அச்சிட்டுவிட வேண்டும். ஏற்கெனவே முழுமையாக முடிந்த வகுப்புகளின் முடிவு நிலைத்திருக்கும் என்பதையும், ஓடாத வகுப்புகளின் நுழைவுக் கட்டணம் முழுதும் திருப்பித் தரப்படும் என்பதையும் சேர்த்து அச்சிடலாம். பணம் திரும்ப வரும் என்று தெரிந்தால் மாட்டுக்காரரே முதலில் "நிறுத்துங்கள்" என்பார். வெளியூர் மாடுகளுக்கு லாரி வாடகையில் ஒரு பங்கையேனும் கொடுக்க வசதியுள்ள கமிட்டிகள் கொடுக்கலாம். இது தர்மமன்று, விபத்தைத் தடுக்கும் செலவு.

சட்டத்தின் நிலையையும் அறிவது நன்று. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் எவரும் அதற்கு வீண் துன்பம் நேராதபடி தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. ஜல்லிக்கட்டு, கம்பளா, மகாராஷ்டிரத்து மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலத் திருத்தச் சட்டங்களையும் உச்சநீதிமன்றம் 2023ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி ஏற்றுக்கொண்டபோது, அச்சட்டங்களும் அவற்றின்கீழ் வகுத்த விதிகளும் பிராணிகளின் துன்பத்தைப் பெரிதும் குறைக்கின்றன என்பதையே ஆதாரமாகக் கொண்டது. வழுக்கும் சாலையில் மாட்டை ஓட்டி வீழ்த்தும் கமிட்டி அந்த ஆதாரத்தையே அரிக்கிறது.

நிறுத்துவது என்று முடிவானபின் அறிவிப்பு உடனே, ஒரே வாயால் வர வேண்டும். "இன்னும் சிறிது நேரம் பார்ப்போம்" என்று மணிக்கணக்கில் இழுத்தால் மாடுகள் நனைந்தபடி நுகத்தடியில் நிற்கும். நனைந்த கழுத்தில் நுகம் உரசினால் தோல் உரிந்து புண்ணாகும். முதலில் பூட்டை அவிழ்த்து, வைக்கோற்பிரியால் உடலைத் தேய்த்துத் துவட்டி, குளம்புப் பிளவில் சிக்கிய கல்லையும் சேற்றையும் நீக்கி, லாடம் ஆடுகிறதா என்று பார்த்து, காற்று அடிக்காத இடத்தில் கட்டிய பிறகே லாரியில் ஏற்ற வேண்டும். லாரித் தளமும் நனைந்திருக்குமாதலால், வைக்கோலையோ மணலையோ பரப்பிவிட்டு ஏற்றுவது அவசியம்.